மூன்றாம் ஓலை

அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். வீட்டில் திருநெல்வேலித் தமிழ், தெருவில் உருது, கிணற்றடியில் தெலுங்கு. கோபம் வந்தால் எனக்கு எல்லாம் ஒன்றாக வரும், கூடவே கண்ணீரும் வரும். காஜிப்பேட்டையில் டிக்கெட் கிளார்க்காக இருந்த ஒருவருக்கு என்னைப் பேசி முடித்தபோதும் அதுதான் நடந்தது. எனக்கோ ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. அதைச் சொல்லத் தொடங்கி, "நக்கோ, நக்கோ" என்று அழுததுதான் மிச்சம். வேண்டாம் என்பதற்கு எங்கள் தெருவில் அதுதான் சொல். நான்காவது இட்லிக்கும் நான் அதையே சொல்வேன் என்பதால் வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் கிறிஸ்தவ சபை வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர் சொல்லி, தடை ஏதும் அறிந்தவர் உண்டா என்று போதகர் கேட்பார். யாரும் எழுந்ததாகச் சரித்திரம் இல்லை. முதல் ஓலைக்கும் இரண்டாம் ஓலைக்கும் நானும் வாயடைத்துத்தான் உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் பேச வேண்டியதை முணுமுணுத்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாக இருந்த புகாரைக் குறைத்துக் குறைத்து நாலு வரியாக்கினேன். அழுகை வரவைக்கும் வார்த்தைகளைத்தான் முதலில் வெளியே தள்ளினேன்.

மூன்றாம் ஞாயிறு போதகர் கேட்டு முடித்ததும் எழுந்தேன். அம்மா முந்தானையைப் பிடித்து இழுத்தாள். நான் உட்காரவில்லை.

"தடை உண்டு ஐயா. கல்யாணப் பொண்ணு நான்தான். எனக்குச் சம்மதம் இல்ல. அவுக மேல குறை ஒண்ணும் கிடையாது, நான் வாத்தியார் வேலைக்குப் படிக்கப் போறேன்."

குரல் கடைசி பெஞ்சு வரை போனது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. எனக்கே என்னைப் பிடித்துப்போனது. போதகர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெண்ணுக்குச் சம்மதம் இல்லாமல் தன்னால் மணம் முடித்துவைக்க முடியாது என்று சொல்லி, ஓலையை மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தார்.

வீடு வரும்வரை அப்பா எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். வாசலில் நின்று கேட்டார்: "ஏட்டி, இவ்வளவு தெளிவாப் பேசத் தெரிஞ்சவ, வீட்டுல சொல்லுததுக்கு என்ன?"

"அங்கதானப்பா தடை உண்டான்னு கேட்டாக. வீட்டுல யாரும் கேக்கலையே."

ஜூன் மாதம் என் தகரப்பெட்டியை ரயிலில் ஏற்றியது அப்பாதான்.