ப்ராக்ஸியை நிறுத்த மாட்டேன்

தென்னூரில் நான் நடத்தும் பிரவுசிங் சென்டருக்கு இன்று மதியம் ஒரு அம்மா பதறியபடி வந்தார். நாளை அவர் மகளுக்கு நர்சிங் தேர்வு. ஹால் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அவருக்கு வாட்ஸ்அப்பில் வந்த லிங்க்கைத் திறந்ததும் திரையில் சிவப்பு எச்சரிக்கை வந்தது. எங்கள் கணினிகள் எல்லாம் ஒரு ப்ராக்ஸி சேவை வழியாகத்தான் இணையத்துக்குப் போகும். வைரஸ் உள்ள கோப்பை அது உள்ளே விடாது என்று அவரிடம் சொன்னேன்.

"அதைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைங்க தம்பி. பிள்ளையோட வாழ்க்கைங்க."

"நிறுத்தினா இங்க இருக்கிற எல்லா சிஸ்டத்துக்கும் தொத்திக்கும்மா. மாட்டேங்க."

"அப்ப நான் வேற கடைக்குப் போறேன்."

"ஒரு நிமிஷம் உக்காருங்க" என்று சொல்லி, தேர்வுத் துறையின் முகவரியை நானே தட்டினேன். உண்மையான தளம் திறந்தது. வாட்ஸ்அப் லிங்க்கில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது.

ஹால் டிக்கெட்டில் மகளின் படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே போனை எடுத்துக் குடும்பக் குரூப்பில் பேசினார்: "அந்த லிங்க்கை யாரும் தொடாதீங்க, அது திருட்டு லிங்க்!"

அந்த லிங்க்கை அனுப்பியது அவருடைய நாத்தனாராம். இனி அங்கே வரப்போகும் சண்டைக்கு எந்த ப்ராக்ஸியும் உதவாது.

உங்கள் குரூப்பில் லிங்க் அனுப்புகிறவர் யார்?