எனக்கும் பூனைக்கும் ஒரே வருத்தம்

சுனாமி கல்லடியில் எங்கள் வீட்டைக் கொண்டுபோனபோது மிஞ்சியது நான், மனைவி, பூனைக்குட்டி கறுப்பி, அவ்வளவுதான். நாட்டில் சண்டை ஓய்ந்த வருடம் கறுப்பிக்குச் சீனி வருத்தம் வந்தது. எனக்கும் அதே வருத்தம் என்பதால், பிள்ளை அப்பனைப் போல என்று பெருமைப்பட்டேன்!

"முதல்ல சாப்பாடு, மறுகாத்தான் இன்சுலின்" என்று மிருக வைத்தியர் படித்துப்படித்துச் சொல்லியிருந்தார். ஒரு நாள் காலை மனைவி குளிக்கப் போன நேரம், எப்படியும் மீன்காரன் வருவான்தானே என்று நானே ஊசியைப் போட்டுவிட்டேன். கடல் கொந்தளிப்பு, மீன்காரன் வரவேயில்லை. வெறும் சோற்றை வைத்தேன். கறுப்பி முகர்ந்துவிட்டு என்னை ஏளனமாகப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தள்ளாடித் தொப்பென்று விழுந்தாள்.

என் அலறலில் மனைவி ஈரத்தலையோடு ஓடிவந்தாள்.

"சீனி இறங்கிப்போச்சு! வாயைத் திறந்து பல்லு முரசில சீனி தேய்க்கோணும். ஐயோ, உங்களால வீட்டில சீனியே வாங்கிறதில்லையே!"

ஓடினேன். அரிசி மூட்டைக்குப் பின்னாலிருந்து கித்துள் மரத்து இனிப்புப் பாணிப் போத்தலோடு வந்தேன். தயிரில் ஊற்றிக் களவாகத் தின்ன நான் ஒளித்துவைத்தது!

முரசில் தடவினோம். மெதுவாக ஒரு நாக்கு வெளியே வந்து என் விரலை நக்கியது. துள்ளிக் குதித்தேன்.

வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடும்போது மனைவி கேட்டாள்: "போத்தல்ல பாதிதானே இருக்கு. மிச்சம் எங்க?"

"மற்ற நோயாளி குடிச்சிட்டான்."

அந்தப் போத்தல் இப்போது அலுமாரியில் பகிரங்கமாக நிற்கிறது, கறுப்பிக்காக. தயிர் தின்னும்போதெல்லாம் பார்ப்பேன், தொடமாட்டேன். கடலே மிச்சம் விட்ட ஒரு உயிரை, என் அவசரம் அல்லவா கொண்டுபோகப் பார்த்தது.