இருபத்து மூன்று காட்டிய தெர்மோஸ்டாட்

மூன்று நாளாக நான் காலைக் காப்பியை ஆறவிட்டுத்தான் குடித்தேன். மேனாம்பேட்டில் ஏழு மணி ஆனால் கனடாவில் முந்தின நாள் சாயங்காலம். சரியாக அந்த நேரத்துக்கு மகள் வீடியோவில் கூப்பிடுவாள். போன மாதம் குடிபோன வாடகை வீட்டில், குளிர் தொடங்கிய பிறகு பார்த்தால் ஹீட்டர் ஓடவில்லை. வெளியே பனி, உள்ளே நாலு மாதக் கைக்குழந்தை. திங்கட்கிழமை ஆள் அனுப்புவதாக வீட்டு ஓனர் சொல்லிவிட்டார். மருமகன் வேலையாக வெளியூர் போயிருந்தார். மிச்சம் நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பைப் பழுக்கக் காய்ச்சும் உலைகளுக்கு மீட்டர் பார்த்தே ரிட்டையர் ஆனவன் நான். அதனால் சூடாகிற எதுவும் எனக்குத் தெரியும் என்று வீட்டில் ஒரு நினைப்பு. மனைவி இருந்தவரை தோசைக்கல் காயவில்லை என்றால்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. அப்போது மகளுக்குக் கர்ப்பத்தில் ஏதோ சிக்கல். டாக்டர் விமானம் ஏறக்கூடாது என்றுவிட்டார். அடக்கத்தைப் போனில்தான் பார்த்தாள்.

அந்த ஊரில் வீடு முழுவதற்கும் தரைக்குக் கீழே ஒரே ஹீட்டர். ஹால் சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட் என்கிற சின்னப் பெட்டி, குளிர்கிறது என்று உணர்ந்தால் அதை ஓடவிடும். முதல் நாள் அந்தப் பெட்டிக்குப் பேட்டரி மாற்றச் சொன்னேன். மறுநாள் மெயின் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு எரிச்சல். யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் அவள்மேலேயே காட்டினேன். இப்போதெல்லாம் எனக்குக் குளிப்பதே பெரிய வேலையாக இருக்கிறது. இதில் கண்டம் தாண்டி ரிப்பேர் வேறு.

மூன்றாம் நாள் குழந்தையின் மூக்கு சிவந்திருந்தது. "இன்னா காட்டுதும்மா?" என்றேன்.

"இருபத்திரெண்டு டிகிரி வெச்சிகீறேன். அது இருபத்திமூணு காட்டுதுப்பா. ஆனா எனக்கு வெரலே மடங்கல."

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. பெட்டி சரியாகத்தான் இருக்கிறது. அது மாட்டியிருக்கிற இடம் மட்டும் சூடாக இருக்கிறது. அதனால்தான் ஹீட்டருக்கு வேலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. சுவரைக் காட்டச் சொன்னேன். எதுக்குப்பா என்று இழுத்தாள். யோசித்துப் பார்த்தால், அந்த வீட்டுக்குப் போனதிலிருந்து குழந்தையைத் தவிர வேறெதையும் அவள் எனக்குக் காட்டவில்லை. அதட்டிய பிறகு போனைத் திருப்பினாள்.

தெர்மோஸ்டாட்டுக்கு நேர் கீழே ஒரு சின்னப் பலகை. அதன்மேல் என் மனைவியின் படம், ஒரு செபமாலை, கண்ணாடிக் குவளையில் எரிகிற மெழுகுவத்தி. ஒன்று தீர்வதற்குள் அடுத்ததை ஏற்றிவிடுவாளாம். பார்த்தால் நான் உடைந்துபோவேன் என்று மறைத்திருக்கிறாள்.

மெழுகுவத்தியை எடும்மா என்று சொல்ல வேண்டியதுதான். அதற்குள் அவளுக்கே புரிந்துவிட்டது.

"அணைக்க மாட்டேன்பா. மண்ணு போடக்கூட நான் வரல."

"அணைக்காத. தள்ளி வை, போதும்" என்றேன்.

படத்தையும் குவளையையும் எதிர்ச் சுவரோரம் இருந்த மேசைக்கு மாற்றினாள். கால் மணி நேரத்தில் பெட்டி பதினாறு காட்டியது. கீழே ஹீட்டர் ஓடத் தொடங்கிய சத்தம் எனக்கே கேட்டது. குழந்தையை வெப்பக் காற்று வரும் இடத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நீ எப்டிப்பா கீற?" என்றாள்.

எட்டு மாதமாகத் தினமும் கேட்கிற கேள்வி. தினமும் நல்லாகீறேன் என்று சொல்லிவிட்டுக் குழந்தையைக் காட்டச் சொல்வேன்.

"முடியலம்மா" என்றேன்.