சந்தனம் வைத்த ராக்கெட்

இது நடந்தது விஜயதசமியன்று என்பாள் என் மனைவி. இல்லை, முந்தைய நாள், ஆயுத பூஜையன்று. பெருங்களத்தூர் பஸ் நிறுத்தத்தில் ஊருக்குப் போகும் கூட்டம் வடிந்து, எங்கள் குடியிருப்பில் போகாதவர்கள் மட்டும் மிஞ்சியிருந்த காலை.

மொட்டைமாடியில் பிள்ளைகளுக்குக் காகித ராக்கெட் செய்து காட்டினேன். பென்சிலில் காகிதத்தைச் சுருட்டி ஒட்டி, ஒரு முனையை மடித்து மூடி, மறுமுனையில் சிறகுகள் ஒட்ட வேண்டும். ஸ்ட்ராவில் செருகி ஊதினால் பறக்கும். விதியைப் பிள்ளைகளே வகுத்தார்கள்: துணிக்கொடியைத் தாண்டாத ராக்கெட்டின் சொந்தக்காரர் மாலை கிரிக்கெட்டில் பந்து பொறுக்க வேண்டும். பேட்டிங் கிடையாது.

விதி உறுத்தியது ஒருத்திக்குத்தான். புதிதாகக் குடிவந்த நான்காம் வகுப்புச் சிறுமி. வந்ததிலிருந்து பந்து மட்டுமே பொறுக்கியவள். அவள் ஊதிய ராக்கெட் கொடிக்கு முன்பே சுழன்று விழுந்தது.

"குட்டிக்கரணம் அடிக்குது பாருடா! சர்க்கஸ்ல சேத்துவிடலாம்" என்றான் இரண்டாம் மாடிப் பையன்.

நான் காலண்டர் அட்டையில் பெரிய சிறகுகள் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். இன்னும் மோசமாகச் சுழன்று விழுந்தது.

"லாஸ்ட் சான்ஸ்" என்றான் அவன்.

அவள் ராக்கெட்டோடு கீழே இறங்கிப் போனாள். அங்கே வண்டிகளுக்கும் லிஃப்ட் கதவுக்கும் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்தபோது ராக்கெட்டின் மூக்கில் கட்டிச் சந்தனம், மேலே குங்குமம்.

"என்ன, ராக்கெட்டுக்குப் பூஜையா?" என்றேன்.

"வண்டிக்கெல்லாம் வெக்கிறாங்க. இதுவும் வண்டிதான?"

ஊதினாள். நேராகக் கொடியைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டியில் மோதி, மஞ்சளாக ஒரு தடம் வைத்துவிட்டு விழுந்தது.

"சாமி ஹெல்ப் பண்ணிடுச்சு, செல்லாது! அங்கிள், சொல்லுங்க!" என்று கத்தினான் இரண்டாம் மாடிப் பையன்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வாலில் நான் ஏற்றிய கனத்தை மூக்கில் சந்தனம் ஈடுகட்டிவிட்டது. சொன்னால் அவள் ஜெயிப்பாள். ஆனால் நம்பி வைத்த பொட்டை நான் துடைத்ததுபோல் ஆகிவிடுமோ என்று தயங்கினேன்.

அதற்குள் அவள் சந்தனத்தை வழித்து வாலில் அப்பி ஊதினாள். குட்டிக்கரணம். மறுபடி மூக்கில் அப்பி ஊதினாள். நேராகப் போனது.

"சாமி வால்ல உக்காந்தா மட்டும் ஹெல்ப் பண்ணாதா?" என்று அவனிடம் கேட்டாள். "மூக்கு வெயிட்டா இருக்கணும். அவ்ளோதான்."

நான் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

மாலையில் பேட்டிங் பிடித்தாள். சீக்கிரமே போல்டு. உருண்ட பந்தின் பின்னால் பழக்கத்தில் ஓடியவள், பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் மாடிப் பையன் முனகிக்கொண்டே போய் எடுத்து வந்தான்.