வரப்பில் நின்ற இரண்டு பேர்

எனக்கு முகங்கள் மனதில் தங்காது. கண், மூக்கு, வாய் எல்லாம் பளிச்சென்று தெரியும். அவை யாருடையவை என்பது மட்டும் தெரியாது. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று முப்பது வயதுக்கு மேல் சென்னையில் ஒரு டாக்டர் சொன்னார். அதுவரை எனக்குத் திமிர் என்று சொன்னவர்கள்தான் அதிகம். இன்றும் மகனைக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போனால் வாசலில் ஒரே இடத்தில் நிற்பேன். அவன்தான் வந்து என்னைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இது ஒரு குறை என்றே தெரியாத ஆறு வயதில், குடவாசல் பக்கம் எங்கள் ஊரில், அம்மாவை வளையல் சத்தத்தாலும் அத்தையை இரட்டை மூக்குத்தியாலும் அடையாளம் கண்டு சமாளித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு மஸ்கட்டில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் வருவார். அந்தத் தை மாதம் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார். எனக்கு அது போதும்.

சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆத்தூரிலிருந்து வருடாவருடம் வரும் அறுவடை மிஷின் டிரைவருக்கு எங்கள் வீட்டுச் சாப்பாடுதான். அன்று அம்மாவோடும் அத்தையோடும் டீ எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனேன். வரப்பில் இரண்டு பேர் நின்றார்கள். இருவர் மேலும் வைக்கோல் தூசி. வெயிலில் நிற்கிறாரே என்று இரக்கப்பட்டு அப்பா தன் தொப்பியை டிரைவருக்குக் கொடுத்திருந்தார். நான் "அப்பா!" என்று ஓடிப்போய்த் தொப்பிக்காரரின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"பாப்பா, அப்பா அங்க இருக்காரு" என்று டிரைவர் பதறினார். நான் நம்பவில்லை. இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள், அப்பா உட்பட. அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் அப்பாவின் அக்கா. தம்பி வீட்டில் புகை கண்டால் ஊதிவிடாமல் நகர மாட்டாள்.

"பச்சப் புள்ள பழகின ஆளுகிட்டதானடா ஓடும்?" என்றாள் அப்பாவிடம்.

சாயங்காலம் அப்பா என்னை முன்னால் நிறுத்தினார். "அந்த டிரைவர் நம்ம வீட்டுக்குள்ள வருவாரா?"

யோசித்தேன். சாப்பிட வந்தவர், தண்ணீர் கேட்டவர், மாடு பார்க்க வந்தவர் எல்லோரும் எனக்கு ஒன்றுதான். "தெரியலப்பா" என்றேன்.

"தெரியலையா? உங்கம்மா அப்படிச் சொல்லச் சொன்னாளா?"

பயந்துபோய் அம்மாவைப் பார்த்தேன். அந்தப் பார்வையே சாட்சியாகிவிட்டது.

"குழந்த தொப்பியப் பாத்து ஓடுச்சுங்க" என்று அம்மா கெஞ்சினாள். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

லீவு முடியும் முன்பே அப்பா கிளம்பிவிட்டார். அதன்பின் ஊருக்கு வந்தால் அத்தை வீட்டோடு சரி. போனில் என்னை மட்டும் கூப்பிடச் சொல்லிப் பேசுவார். அம்மாவோடு ஒரு வார்த்தை பேசாமலே மஸ்கட்டில் செத்தும் போனார். அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். "இத இனிமே யாருகிட்டடி போய்ச் சொல்றது?" என்றாள்.

அப்பா பெட்டியோடு காரில் ஏறிய அந்தக் காலையில் நான் அழவில்லை. எல்லோரும் என்னைப் போல ஊகித்துத்தான் ஆட்களைக் கண்டுபிடிக்கிறார்கள், நான் ஒரு தடவை தப்பாக ஊகித்துவிட்டேன், அப்பா அடுத்த தடவை வரும்போது சரியாகச் சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டு, சிரித்தபடி கையாட்டினேன்.