ஞானதுரை அண்ணாச்சி கழற்றாத மூடி

எங்கள் பட்டறையில் வேலை பார்க்கும் மைதீன் காலை ஏழு மணிக்கு முன்னால் போன் செய்தால் பட்டறையில் கரண்ட் இல்லை என்று பொருள். அன்றும் அப்படித்தான் நினைத்து, "எப்ப வருமாம்?" என்று கேட்டேன்.

"அண்ணாச்சி, நம்ம ஞானதுரை அண்ணாச்சி தவறிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு எந்திரிச்சாவளாம். ஆட்டோ வாறதுக்குள்ள முடிஞ்சிட்டு" என்றார்.

இதைப் படிக்கும் பலருக்கு அவரைத் தெரியும். பாளையங்கோட்டையில் எங்கள் பட்டறையில் கதவும் பெஞ்சும் செய்துகொண்டவர்கள் இருப்பீர்கள். அவருடைய சபையார் இருப்பீர்கள். பக்கத்துப் பட்டறைக்காரர்கள் கட்டாயம் இருப்பீர்கள். நானும் அவரும் பத்தொன்பது வருடம் கூட்டாளிகள். மரத்தை அறுப்பது அவர் வேலை. அறுத்த மரத்தைப் பற்றிப் பேசுவது என் வேலை. தமிழ் இலக்கியத்தில் பட்டம் வாங்கிய ஒருவனுக்கு மரப்பட்டறையில் ஆபத்தில்லாத வேலை எது என்று யோசித்து அவரே ஒதுக்கித் தந்தது அது.

அவருடைய வேலை ஆபத்துள்ளது. மேசை ரம்பம் என்பது ஓர் இரும்பு மேசை. அதன் நடுவே வட்டமான பிளேடு தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். மரத்தை அதன் மேல் தள்ள வேண்டும். மரத்துக்கும் விரலுக்கும் உள்ள வித்தியாசம் அதற்குத் தெரியாது என்பதால், தெரிந்தவர் ஒருவர் அருகில் இருப்பது அவசியம். எங்கள் பட்டறையில் அது ஞானதுரை அண்ணாச்சி. மோதிரம் போடமாட்டார், கையுறையும் போடமாட்டார். பிளேடு துணியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். பிளேடு மரத்தைத் திருப்பி எத்தினால் அது நேராகத்தான் வரும் என்பதால் பிளேடுக்கு நேரே நிற்காமல் ஒரு பக்கமாக நிற்பார். கடைசி ஒரு சாண் மரத்தை ஒருபோதும் கையால் தள்ளமாட்டார். அதற்கென்று ஒரு கட்டை வைத்திருந்தார். கரண்ட் போனதும் நாங்களெல்லாம் மின்வாரியத்தைத் திட்டத் தொடங்குவோம். அவர் முதலில் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து திட்டுவார். "கரண்டு சொல்லிட்டா வருது? வந்ததும் அது பாட்டுக்குச் சுத்தும். அப்ப உம்ம கை எங்கன கெடக்குன்னு அதுக்கு என்னவே தெரியும்?"

ஒருமுறை பள்ளித் தாளாளர் ஒருவர் மகள் கல்யாணத்துக்குத் தட்டில் பழமும் பத்திரிகையுமாக அழைக்க வந்தார். அண்ணாச்சி அறுத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. அறுத்து முடித்து, ஸ்விட்சை அணைத்து, பிளேடு முழுக்க நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இப்ப சொல்லுங்க சார்" என்றார்.

"எம்புட்டு நேரமா நிக்கேன். வாங்கன்னு சொல்ல வாய் வரலியோ?" என்றார் தாளாளர்.

"வாய் வரும் சார். கண்ணும் கூடவே வந்திரும். கை மட்டும் அங்கன தனியா கெடக்கும்."

அந்தப் பள்ளியின் பெஞ்சு வேலை வேறு பட்டறைக்குப் போயிற்று. வாடிக்கையாளரிடம் மரியாதையாக நடந்துகொள்வது பற்றி அன்று நான் அவருக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். பொறுமையாகக் கேட்டார். "ரம்பத்துக்கு மரியாத தெரியாது வே. அது நிக்கிற வரைக்கும் நமக்கும் தெரியாம இருக்கதுதான் நல்லது" என்றார்.

இப்படிப்பட்டவர் இரண்டு விரல்களை இழந்தது எப்படி என்று உங்களுக்கெல்லாம் ஒரு கதை தெரியும். அது பொய். எட்டு வருடம் அந்தப் பொய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான்.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தோம். ரம்பத்தின் பிளேடு மேல் ஒரு மூடி உண்டு. கை தவறினாலும் பல்லில் படாமல் காப்பது அதுதான். பிளேடுக்குப் பொட்டு வைக்க அது இடைஞ்சலாக இருந்தது என்று கழற்றினேன். மூடிக்கும் பொட்டு வைத்தேன். பொட்டு வைத்த பிறகு அது வெறும் மூடியாக எனக்குத் தெரியவில்லை. சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டிப் பூவும் சுற்றினேன்.

பூஜை முடிந்து வேலை தொடங்கிய அன்று அண்ணாச்சி கேட்டார். "மூடிய எடுத்து மாட்டிருவமா வே?"

"சந்தனம் வச்ச சாமான் அண்ணாச்சி. வெள்ளிக்கிழம வரைக்கும் சாமிகிட்ட இருக்கட்டும்" என்றேன்.

வேறு எந்தக் காரணம் சொல்லியிருந்தாலும் என்னை ஏசிவிட்டு எடுத்து மாட்டியிருப்பார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். அடுத்தவர் சாமி காரியத்தில் கை வைக்கக்கூடாது என்று நினைக்கிறவர். "சரி, உம்ம முறை" என்று போய்விட்டார். புதன்கிழமை ஒரு வேப்பம்பலகையில் கணு தட்டி மரம் துள்ளியது. அவருடைய இடது கை வழுக்கியது. மூடி இருந்திருந்தால் அதில் இடித்து விரல் கறுத்திருக்கும், அவ்வளவுதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "மிஷினுக்கு மூடி கிடையாதா?" என்று கேட்டார். துண்டைச் சுற்றிய கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அண்ணாச்சி, "இருக்கு சார். நாந்தான் கழத்திப் போட்டேன்" என்றார். நான் அருகில் நின்றேன். வாய் என் தொழில். அது திறக்கவில்லை.

பிறகு அவர் மற்றப் பட்டறைகளுக்குப் போய், "மூடியக் கழத்தாதிய" என்று சொல்லத் தொடங்கினார். "நீரே கழத்திப்புட்டு எங்களுக்குப் பாடம் நடத்த வாறீராக்கும்?" என்று அவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மூடி மாட்டாமலே அவர்கள் அறுத்தார்கள்.

நீங்களே கழற்றியதாக ஏன் சொன்னீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "கிறிஸ்தவன் வெரலு பூசையில போச்சுன்னு ஊருல பேசுவானுவ. ரெண்டு வெரலுக்காவ அது எதுக்கு?" என்றார்.

"பழி சாமி மேல எதுக்கு வரும்? என் மேலதான வரும்?"

"நீரும் சாமியும் ஒண்ணுன்னு நெனச்சிதானவே ஆணியில மாட்டுனீரு?" என்றார். அதற்கும் அவரே சிரித்தார்.

அடக்க ஆராதனையில் போதகர் பேசும்போது, தன் கவனக்குறைவைத் தானே ஊரறியச் சொன்ன தாழ்மையுள்ளவர் என்று அவரைப் புகழ்ந்தார். பின்வரிசையில் நாங்கள் செய்து கொடுத்த பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன்.

நாலு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கிரேஸ் மதினி அவர் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தார். "மதினி, அந்த மூடிய அண்ணாச்சி கழத்தல. நாந்தான். மாட்டுவமான்னு கேட்டதுக்கும் நாந்தான் வேண்டாம்னேன்" என்றேன்.

அவர் மடித்த சட்டையை மறுபடி விரித்தார்.

"எட்டு வருசமா இந்தப் பட்டன நாந்தான் போட்டுவிட்டேன். போடும்போதெல்லாம், 'ஊருக்குப் புத்தி சொல்லுத மனுசன் இப்படியா செய்விய'ன்னு ஏசியிருக்கேன். தலையக் குனிஞ்சிக்கிட்டு நிப்பாவ. ஒரு நாளாவது சொல்லப்பிடாதா?" மதினி கேட்டது என்னையா, அண்ணாச்சியையா என்று தெரியவில்லை. சட்டையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத எங்கிட்ட வந்து சொல்லி என்ன செய்ய? அவியளக் கேலி பேசுனவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். மூடியைக் கழற்றியவன் நான். மாட்டக் கேட்டவர் அவர். அவர் உங்களிடம் சொன்னதெல்லாம் சரி. உங்கள் ரம்பத்துக்கு இன்றே மூடியை மாட்டுங்கள்.

அவருடைய அளவுகோலை மைதீன் எடுத்துக்கொண்டார். சட்டைகள் மதினியிடம் இருக்கின்றன. எனக்கு வேண்டியது கவனமில்லாதவர் என்ற அந்தப் பெயர் மட்டும். எட்டு வருடம் அவர் அதை எனக்காக வைத்திருந்தார். இனி அது என்னிடம் இருக்கட்டும்.