கேப்டனின் கால்சட்டையும் குப்லு அண்ணியின் தையலும்

குப்லு என் அண்ணனின் மனைவி. எங்கள் கரையில் அவளைப்போல் தோல் தைக்க ஆளில்லை. அவளைப்போல் வாயும் யாருக்கும் இல்லை. நான் தைத்த காலணியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, தண்ணி பக்கம் மட்டும் போயிடாத" என்றாள். போனேன். கசிந்தது.

வடக்கே எதையோ கண்டுபிடிக்க வந்த வெள்ளைக்காரர்களின் கப்பல் எங்கள் விரிகுடாவில் உறைந்து நின்று இரண்டு குளிர்காலம் ஆகியிருந்தது. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்பார்கள். அவர்களுடைய கம்பளிச் சட்டை வியர்வையில் நனைந்து பலகையாக விறைத்த பிறகுதான் கேப்டனுக்குப் புத்தி வந்தது. அண்ணியிடம் பனிமான் தோலில் உடுப்பு கேட்டார். அவளும் குளிருக்கு முன்பே கரையில் உட்கார்ந்து தைத்து முடித்தாள்.

முன்பே முடித்தாக வேண்டும். சீல் என்கிற கடல்நாயைப் பிடிக்கக் கடல் பனிமேல் குடிபோய்விட்டால் பனிமான் தோலில் ஊசி படக்கூடாது. பட்டால் கடலடியில் இருந்து சீல்களை ஆள்கிறவளுக்குக் கோபம் வரும். ஒரு சீலையும் மேலே விடமாட்டாள்.

தன் நாய்களுக்கு இறைச்சி சேர்க்கக் கேப்டனும் எங்களோடு வந்தார். வந்த மூன்றாம் நாளே சறுக்குவண்டியிலிருந்து விழுந்து, கால்சட்டையைப் பின்பக்கம் கிழித்துக்கொண்டார்.

"கொஞ்சம் தச்சுக் குடும்மா."

"கரைக்குப் போனதும் தர்றேன்."

"அதுவரைக்கும் நான் என்ன பண்றது?"

"உக்காந்தே இருங்க, காத்து படாது."

அதற்குப் பிறகு சீல் வரவில்லை. ஆண்கள் நாளெல்லாம் சீல் மூச்சுவிட வரும் பனி ஓட்டைகளில் காத்து நின்று வெறுங்கையோடு வந்தார்கள். நாய்கள் தங்களைப் பூட்டும் தோல் வாரையே தின்றன. விளக்குக்குக் கொழுப்பு போதாமல் எல்லோரும் ஒரே பனிவீட்டில் நெருக்கிக்கொண்டோம். இப்படி ஆனால் யார் தப்பு செய்தாரோ அவர் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் தீர்ந்தது.

அண்ணி கேப்டனைப் பார்த்தாள். "எந்திரிங்க. திரும்புங்க."

திரும்பினார். கிழிசலில் கப்பல் பாய் தைக்கும் தடித்த நூல் கோணல்மாணலாக ஓடியது.

"இது தையலா? மீன் வலை."

கேப்டன் முகம் சிவந்தது. "நீங்கல்லாம் வேட்டைக்குப் போனப்ப நான்தான் தச்சேன். குளிர் தாங்கல." நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். தீர்ந்தது என்று நினைத்தோம்.

தீரவில்லை. இன்னும் மூன்று நாள் ஒன்றும் வரவில்லை.

"இந்தாளு இன்னும் எதையோ மறைக்கிறாரு," என்றார் அண்ணன். "நாளைக்கே கெளம்பட்டும், கப்பலுக்கு."

தனியாகப் போனால் போய்ச் சேரமாட்டார் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். கேப்டன் தன் பையைக் கட்டினார். அண்ணி விளக்குத் திரியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். அது சரியாகத்தான் எரிந்தது.

"அவர விடுங்க," என்றாள் கடைசியில். "உங்க கையுறையக் கழட்டுங்க."

அண்ணன் கழற்றினார்.

"இதுவும் பனிமான் தோலுதான். கட்டவெரல் பக்கம் பிரிஞ்சு கெடந்துச்சு. உங்க வெரல் கறுத்துக்கிட்டு வந்துச்சு. பாத்துட்டு இருக்க முடியல. நீங்க தூங்குனப்ப மூணு தையல் போட்டேன்." திரியை விட்டு நிமிர்ந்தாள். "பழி அவர் தலையில போயிரும்னு சும்மா இருந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். கேப்டன்தான் கையுறையை வாங்கி விளக்கருகே பிடித்து, மூக்கு உரச ஆராய்ந்தார்.

"எங்க? ஒண்ணும் தெரியலயே."

"தெரிஞ்சா அது என் தையலா?"

மறுநாள் அண்ணன் கொழுத்த சீல் ஒன்றை இழுத்து வந்தார். காற்று திசை மாறியதுதான் காரணம் என்று கேப்டன் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதட்டும். சூடு ஆறாத ஈரலில் முதல் துண்டை அறுத்து அண்ணி அவர் கையில்தான் கொடுத்தாள்.

"எனக்கு முதுகக் காட்டிக் குனியாம உக்காந்து தின்னுங்க," என்றாள். "அந்தத் தையலப் பாத்தா எனக்குச் சாப்பாடு எறங்காது."